20,000 ரூபாய்க்குள் மவுண்டன் சைக்கிள்: பின் ஷாக் வேண்டாம், நல்ல டயர் போதும்

சைக்கிள் கடையில் முதலில் கண்ணை இழுப்பது பின்சக்கரத்துக்கு மேலே தடித்த ஸ்பிரிங் வைத்த வண்டிதான். 20,000 ரூபாய்க்குள் அதை வாங்கவே வாங்காதீர்கள். இந்த விலையில் அது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கியதை அப்படியே திருப்பி உதைக்கும். மிதிக்கும்போதெல்லாம் வண்டி மேலும் கீழும் குதித்துப் பலத்தைத் தின்னும். மடங்கும் இடத்திலுள்ள புஷ் (உள்வளையம்) தேய்ந்ததும் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். எடையும் சுலபமாக 18 கிலோவைத் தொடும்.

ஏரிக்கரை, தோப்பு வழி மண்பாதை, காலை நேரத்துக் கடற்கரைச் சாலை. குடும்பமாக ஓட்டும் இடங்கள் இவைதான். இங்கே அதிர்வைத் தாங்க 2 அங்குல அகல டயரே போதும், காற்று அளவாக இருந்தால். 65 கிலோ ஆளுக்கு 35 முதல் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) சரியாக இருக்கும்; டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பஞ்சர் கடையில் கல்லு மாதிரி அடித்துவிடுவார்கள், அளவைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். ஷாக் இல்லாத ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) கிடைத்தால் நல்லது, எடையில் ஒரு கிலோவுக்கு மேல் குறையும்.

21 கியர் என்றால் முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. முன்னால் 42-34-24 பல், பின்னால் 14 முதல் 28 பல் என்பது பரவலான அமைப்பு. 26 அங்குலச் சக்கரத்தில், முன்னால் நடுவிலுள்ள 34 பல் சக்கரத்தில் செயினை வைத்தாலே பெடலின் ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை போகலாம். சமதரைக்கும் மேம்பாலத்துக்கும் அதுவே போதும். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 7 என்று வரும் வண்டி இன்னும் நல்லது. அடிக்கடி சரிபண்ண வேண்டிய முன் கியர் மாற்றியே அதில் கிடையாது. 'ஷிமானோ கியர்' என்று ஸ்டிக்கர் இருந்தால், பின் கியர் மாற்றி மட்டும்தான் ஷிமானோவா, கைப்பிடியில் கியர் போடும் ஷிஃப்டரும் அதேதானா என்று பாருங்கள். பின் மாற்றியைச் சட்டத்தோடு பிடிக்கும் ஹேங்கர் என்ற துண்டு தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். வளைந்ததைக் கவனிக்காமல் லேசான கியருக்குப் போனால் மாற்றி சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிச் சக்கரமே நாசமாகும்.

பிரேக்கில் எங்கள் ஓட்டு, ரிம்மை (சக்கர விளிம்பை) இருபுறமும் கட்டையால் அழுத்தும் வி-பிரேக்குக்கு. கட்டை மலிவு, எந்தக் கடையிலும் மாற்றலாம். ரிம் கோட்டமானால் உரசும், கோட்டம் எடுத்தால் தீர்ந்தது. சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில், கேபிளில் இயங்கும் மலிவு வகையில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட்தான் நகரும். மற்றதை அவ்வப்போது கையால் நெருக்கி வைக்க வேண்டும். மழையிலும் மலைச்சரிவிலும் நிறைய ஓட்டுவீர்கள் என்றால் மட்டும் டிஸ்க்.

90 கிலோவைத் தாண்டியவர்கள் கேசட் ஹப் (பல்சக்கரங்கள் செருகி ஏறும் நடுக்கூடு) உள்ள பின்சக்கரம் கேளுங்கள். பல்சக்கரத் தொகுதியைத் திருகி மாட்டும் ஃப்ரீவீல் வகையில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சில் (நடு அச்சு) வளையும், உடையவும் செய்யும்.

பாதி வண்டிகள் கெடுவது கடையில் பாகங்களை மாட்டும்போதுதான். வி-பிரேக் ஃபோர்க்கின் முன்பக்கம் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் இருந்தால் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். இடப் பெடலுக்கு மரை எதிர்த்திசை. அதைத் தப்பாக ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அலுமினிய கிராங்கின் (பெடல் மாட்டும் கையின்) மரை போய்விடும். முதலில் கையாலேயே நாலைந்து சுற்றுத் திருகச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் கேபிள் தளரும், சக்கரக் கம்பிகளும் தளரும். ஒருமுறை கொண்டுபோய் இறுக்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு, 'வளர்ந்துடுவான், பெரிசாவே வாங்கு' என்பது ஆபத்து. 115 முதல் 135 செ.மீ. உயரத்துக்கு 20 அங்குலச் சக்கரம், அதற்கு மேல் 150 வரை 24. சட்டத்தின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் சட்டத்துக்கும் கவட்டைக்கும் இடையில் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். பிரேக் லீவர் எட்டவில்லையென்றால், அதிலுள்ள சின்னத் திருகை உள்ளே திருகினால் லீவர் கைப்பிடிக்கு நெருங்கி வரும். பிள்ளையின் இரண்டு விரலால் அழுத்தி வண்டி நிற்கிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.