சிஎன்ஜி காரில் சிலிண்டர் அழுத்த சென்சார் பழுது: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பெட்ரோல் காரில் பின்னர் பொருத்திக்கொண்ட சீக்வென்ஷியல் (இன்ஜெக்டர்கள் மூலம் வரிசையாக வாயுவைச் செலுத்தும்) சிஎன்ஜி கிட்டுடன் பல ஆண்டுகளாகச் சென்னையில் ஓட்டி வருகிறேன். மைலேஜ், இழுவை, டிக்கியில் பறிபோகும் இடம் ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டதால், இந்தக் கிட்டில் என்னை அதிகம் அலையவிட்ட பாகமான சிலிண்டர் அழுத்த சென்சாரைப் பற்றி மட்டும் இங்கே பகிர்கிறேன்.

சிஎன்ஜியில் எரிபொருளின் அளவை அழுத்தத்தைக் கொண்டுதான் அறிய முடியும். 60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் ஏறத்தாழ 9 கிலோ வாயு அடங்கும். அந்த அழுத்தம் உயரழுத்தக் குழாய் வழியாக எஞ்சின் அறையில் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் வரை வருகிறது. என் காரில் ரெகுலேட்டரின் நுழைவாயிலில் முள் காட்டும் மானோமீட்டர் ஒன்றும், அதன் அருகிலேயே மூன்று ஒயர் கொண்ட மின் சென்சார் ஒன்றும் உள்ளன. சென்சார் அனுப்பும் வோல்டேஜை கிட்டின் கணினி படித்து, டேஷ்போர்டு சுவிட்சில் நான்கு பச்சை விளக்குகளாகவும் ஒரு சிவப்பு விளக்காகவும் காட்டுகிறது.

பழுது என்று எதைச் சொல்வது என்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. பின்னர் பொருத்தும் பெரும்பாலான கிட்டுகளில் இந்த உயரழுத்த சென்சாரின் வேலை அளவைக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. கார் தானாகப் பெட்ரோலுக்கு மாறுவதை முடிவு செய்வது, ரெகுலேட்டருக்கு அப்பால் இன்ஜெக்டர் பக்கத்தில் உள்ள குறையழுத்த சென்சார். ஆகவே சிவப்பு விளக்கு எரிந்தும் கார் வாயுவில் சீராக ஓடிக்கொண்டிருந்தால், சந்தேகம் உயரழுத்த சென்சார் மீதோ அதன் ஒயர் மீதோ விழ வேண்டும். மாறாக, பச்சை விளக்குகள் முழுவதும் எரியும்போதே மேம்பாலம் ஏறுகையில் கார் பெட்ரோலுக்குத் தாவினால், அடைபட்ட ஃபில்டர், சரியாகத் திறக்காத ஸோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), கூலன்ட் குறைந்ததால் உறைபனி படியும் ரெகுலேட்டர் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்பெனியிலேயே பொருத்தி வரும் கார்களில் இந்தப் பிரிவினை இவ்வளவு தெளிவாக இருக்காது. அவற்றில் உயரழுத்த அளவீடும் எரிபொருள் மாற்றத்தை முடிவு செய்வதுண்டு. இந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொள்ளாமலேயே ரெகுலேட்டரை முழுதாக மாற்றச் சொன்ன பட்டறை ஒன்றையும் நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த சந்தேகம் பங்க்கில் எழுவது. லாரியில் சிலிண்டர் அடுக்குகளாக வாயு வந்து சேரும் நிலையங்களில், அடுக்கு காலியாகிவரும் நேரத்தில் நிரப்பினால் 200 பார் ஏறவே ஏறாது. அதோடு, நிரப்பும்போது சிலிண்டருக்குள் அழுத்தப்படும் வாயு சூடேறுவதால் முதலில் முழு அளவு காட்டி, வெப்பம் 20 டிகிரி தணிந்ததும் 15 பார் அளவுக்கு இறங்கிவிடுவது இயல்பே. இரவில் நிரப்பிய காரில் காலையில் ஒரு விளக்கு குறைந்திருப்பதற்கு வாயுக் கசிவையோ சென்சாரையோ உடனே குற்றம் சாட்ட வேண்டியதில்லை. மானோமீட்டர் முள்ளும் விளக்கும் சேர்ந்தே இறங்கியிருந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. (சில கிட்டுகளில் முள்ளையும் மின் சென்சாரையும், அழுத்தம் கூடும்போது நிமிரும் ஒரே வளைகுழாய்தான் இயக்குகிறது. அவற்றில் அந்தக் குழாயே கெட்டால் இரண்டும் சேர்ந்து பொய் சொல்லும். இந்த ஒப்பீடு அங்கே செல்லாது.)

என் காரில் முதன்முதலாகத் தலைகாட்டிய கோளாறு வடகிழக்குப் பருவமழையின்போது வந்தது. முள் 150 பாருக்கு மேல் நிற்க, விளக்குகள் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சிவப்புக்குப் போய்த் திரும்பின. வாயுவின் அழுத்தம் இப்படித் துள்ளாது. துள்ளுவது மின் இணைப்புதான். சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது, மூன்று பின்களில் 5 வோல்ட் வரும் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னின் பிடியை இறுக்கி, சீலை நேராக்கியதும் அந்தத் துள்ளல் நின்றது. எர்த் இணைப்பில் தடை கூடினால் கணினிக்குப் போகும் வோல்டேஜ் உண்மையைவிட அதிகமாகவும், 5 வோல்ட் ஒயரில் கூடினால் குறைவாகவும் காட்டும் என்பதால், எந்தப் பக்கம் தவறுகிறது என்பதே எந்த ஒயரைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

இரண்டாவது முறை கெட்டது சென்சாரே. அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதுமானதாக இருந்தது. என் சென்சார் 0 முதல் 250 பார் வரை அளக்கும் வகை; 5 வோல்ட் கொடுத்தால், அழுத்தமே இல்லாதபோது 0.5 வோல்ட்டும் முழு அளவில் 4.5 வோல்ட்டும் திருப்பித் தர வேண்டும். அந்தக் கணக்குப்படி 100 பாரில் 2.1 வோல்ட், 200 பாரில் 3.7 வோல்ட் வர வேண்டும். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளந்தபோது, 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்தன; முள் 100 பார் காட்டிய இடத்தில் சிக்னல் ஒயரில் 3 வோல்ட் நின்றது. இருந்தாலும் மானோமீட்டர் முள்ளும் கொஞ்சம் முன்பின் காட்டக்கூடியது என்பதால், நான் நம்பியது பூஜ்யச் சோதனையைத்தான். சிலிண்டரின் கைவால்வை மூடிவிட்டு, குழாயில் எஞ்சிய வாயு தீர்ந்து கார் பெட்ரோலுக்கு மாறும்வரை எஞ்சினை ஓடவிட்டால், சென்சாரின் முன்னால் ஓரிரு பார் அழுத்தமே மிஞ்சும். அப்போது சிக்னல் 0.5 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும். என் சென்சார் அந்த நிலையிலும் 1.4 வோல்ட் காட்டியது. காலி டேங்கைக் கால்வாசி நிறைந்ததாகச் சொல்லும் சென்சாரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் அடுத்த சிஎன்ஜி பங்க்கைக் கணக்குப் போட முடியாது.

மின்சோதனையோடு உரிமையாளரின் வேலை முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 200 பார் நிற்கும் குழாயில் ஸ்பேனர் வைப்பது பயிற்சி பெற்ற கிட் மெக்கானிக்கின் வேலை. அவரும் கைவால்வை மூடி, குழாயைக் காலி செய்த பிறகே சென்சாரைக் கழற்ற வேண்டும், புதியதைப் பொருத்திய பின் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. ஓபிடி சாக்கெட்டில் (பழுதுகளைப் படிக்கக் காரிலேயே இருக்கும் இணைப்பில்) செருகும் மலிவான புளூடூத் கருவி இந்தப் பழுதுக்கு எனக்கு உதவவே இல்லை. அது பேசுவது காரின் பெட்ரோல் கணினியோடு. கிட்டின் கணினிக்குத் தனி பிளக்கும் தனி கேபிளும் மென்பொருளும் உண்டு. பி0450 முதல் பி0453 வரையிலான பழுதுக் குறியீடுகள் ‘டேங்க் அழுத்தம்’ என்ற தோரணையில் வந்தாலும், அவை பெட்ரோல் ஆவியைக் கட்டுப்படுத்தும் அமைப்பைச் சேர்ந்தவை. அங்கே அளக்கப்படுவது சில கிலோபாஸ்கல், இங்கே 200 பார். கம்பெனி சிஎன்ஜி காராக இருந்தால், அந்தக் காருக்குரிய ஸ்கேனரில் சிலிண்டர் அழுத்தத்தை நேரடியாகப் பார்க்கலாம். அப்படியானால் மல்டிமீட்டருக்கு முன் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

புதிய சென்சார் வாங்கும்போது பழையதன் உடலில் பொறித்திருக்கும் அளவு வரம்பையும் வோல்டேஜ் வகையையும் படம் எடுத்துக்கொண்டு போவது அவசியம். வோல்டேஜுக்குப் பதில் மின்தடையை மாற்றிக் காட்டும் வகைகளும் கடையில் அதே தோற்றத்தில் கிடைக்கின்றன. எனக்கு வகை பொருந்தியும், வரம்பு வேறாக இருந்ததால் முதல் நாள் விளக்குகள் சரியாக எரியவில்லை. மெக்கானிக் லேப்டாப்பை இணைத்து, ஒவ்வொரு விளக்கும் எந்த வோல்டேஜில் அணைய வேண்டும் என்று மாற்றி அமைத்த பிறகே முள்ளும் விளக்கும் ஒத்துப்போயின. சிவப்பு விளக்கை 30 பாருக்கு வைக்கச் சொன்னேன். அவர் வழக்கமாக வைப்பது அதைவிடக் குறைவாம். ஆனால் வரிசை நீளும் பங்க்குகளை நம்பியிருக்கும் எனக்கு இந்த அளவே வசதியாக இருக்கிறது.