ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு: ரேடியோவா டிவியா?

டக்ளஸ் ஆடம்ஸ் எழுதின விண்வெளி காமெடிக் கதை இது, ரேடியோ நாடகமாவும் டிவி தொடராவும் இருக்கு. ரெண்டுல எத முதல்ல ஆரம்பிக்கிறதுன்னு குழம்புறவங்களுக்கு.

ரேடியோ: 1978 மார்ச், பிபிசி ரேடியோ 4, ராத்திரி பத்தரைக்கு.
டிவி: 1981, பிபிசி 2, ஆறே எபிசோடு.

நடிப்பு: ஹீரோ ஆர்தரா வர்ற சைமன் ஜோன்ஸ், கதைக்குள்ள வர்ற கைடு புத்தகத்துக்குக் குரல் குடுத்த பீட்டர் ஜோன்ஸ், ரெண்டுலயும் இவங்கதான். ஆர்தரோட ஃப்ரெண்டு ஃபோர்டுக்கு ஆள் மாறிடுச்சு, எனக்கு ரேடியோ ஃபோர்டுதான் பிடிக்கும்.

காட்சி: இங்கதான் மேட்டரே. ஸாஃபோடுங்கிற கேரக்டருக்கு ரெண்டு தலைன்னு ரேடியோல போற போக்குல சொல்லிட்டுப் போயிடுவாங்க, மிச்சத்த நம்ம மண்டையே பாத்துக்கும், பைசா செலவில்ல. டிவில அதே தலை பொம்மையா தோள்மேல உக்காந்து முக்கால்வாசி நேரம் தேமேன்னு இருக்கும், பாவமா இருக்கும். ஆனா கைடு பேசுறப்ப வர்ற அனிமேஷன் இருக்கே, கம்ப்யூட்டர் மாதிரி தெரியும், மொத்தமும் கையால வரைஞ்சது! வீடியோவ நிறுத்தி ஓரத்துல இருக்கிற எழுத்த படிச்சா அங்கயும் ஜோக்.

வசதி: ரேடியோவ சமைச்சுக்கிட்டே கேக்கலாம், ஆனா பிரிட்டிஷ் ஆக்சென்ட் பழகலன்னா பாதி காமெடி நழுவிடும்.

காது பழகினவங்க ரேடியோல தொடங்குங்க. மத்தவங்களுக்கு டிவி, அந்தத் தலைய மட்டும் கண்டுக்காதீங்க.