மீட்டர் முள்ளுக்கு 5,200 ரூபாய்: குன்னூர்ப் பக்கம் பழைய வேன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

இன்று மாலை அந்தக் கடையிலிருந்து மூன்றாவது முறையாக வெறுங்கையோடு திரும்பிய சூட்டிலேயே இதை எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. குன்னூரில் பழைய வண்டிகளுக்கு மீட்டரும் ஒயரிங்கும் பார்க்கும் கடைகளில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்களுடையது அப்பா வாங்கிய 2006-ஆம் ஆண்டு ஆம்னி வேன். போன மாதம் அதன் ஸ்பீடோமீட்டர் முள் 40-இல் நின்றுவிட்டது. ஓடினாலும் 40, வாசலில் எஞ்சினை அணைத்து நிறுத்தினாலும் 40. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டாம் கியரின் இரைச்சலைக் கேட்டே வேகத்தைக் கணித்துவிடலாம் என்றாலும், பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டிய நாள் நெருங்கியதால் சரிசெய்துவிட நினைத்தேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தூறலில் நனைந்து போன என்னை, "வாங்க தம்பி" என்று உள்ளே உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். டார்ச் அடித்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மீட்டரும் போச்சு, கேபிளும் போச்சு, ரெண்டையும் மாத்தினாத்தான் சரிவரும்" என்றார். பிறகு ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மீட்டர் ஒன்றை என் கையிலேயே கொடுத்தார்; கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. மீட்டருக்கு 4,000, கேபிளுக்கு 600, கூலி 600, ஆக மொத்தம் 5,200 ரூபாய். "நம்ம வண்டி மாதிரி பார்த்துக்கறேன், நீங்க மார்க்கெட் போயிட்டு வாங்க தம்பி" என்றார். போனேன். திரும்பி வந்து பணத்தைக் கொடுத்தபோது பில்லும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்த பெரியவரிடம் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அப்போது தோன்றியது, இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முள் ஆடியது, மகிழ்ச்சியாகத்தான் வந்தேன். கட்டபெட்டு தாண்டிய பிறகுதான் கிலோமீட்டர் எண்களைக் கவனித்தேன். 86 ஆயிரத்துச் சொச்சம் இருந்த வண்டி 31 ஆயிரத்துச் சொச்சம் காட்டியது. புது மீட்டர் சுழியத்திலிருந்து அல்லவா தொடங்க வேண்டும்? பெட்டியில் காட்டியது ஒன்று, ஏதோ உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது வேறொன்று. நாளை இதை விற்கப் போனால், கிலோமீட்டரைக் குறைத்து ஏமாற்றுகிறவன் என்ற பெயர் எனக்குத்தான் வரும். மூன்றாம் நாள் குஞ்சப்பனை அருகே முள் 60-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

முதல் முறை போனபோது, மலைக் குளிருக்கு முள் ஒட்டும் என்றும் வெயில் வந்தால் விட்டுவிடும் என்றும் சொன்னார். இரண்டாம் முறை, வேலை பார்த்த பையன் ஊருக்குப் போய்விட்டான் என்றார். என் பழைய மீட்டரைக் கேட்டதற்கு, பழைய இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார். இடையில் எத்தனையோ அழைப்புகள், ஒன்றையும் எடுக்கவில்லை. இன்று, "சார், பில் இருக்குங்களா?" என்று கேட்டார். பணம் கொடுக்கும்வரை நான் தம்பி.

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் நேற்றே அதைக் கழற்றிப் பார்த்திருந்தார். கேபிள் மாற்றப்படவே இல்லை. அப்பா சுற்றிய கறுப்பு டேப்கூட அப்படியே இருந்தது. அந்தக் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைக் கொண்டுவந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது; காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலேயே இழுக்க, கிண்ணத்தோடு முள் திரும்புகிறது, அதை மெல்லிய ஹேர் ஸ்பிரிங் ஒன்று பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. கிலோமீட்டர் எண்களும் அதே சுழற்சியில்தான் ஓடுகின்றன. ஆகவே கேபிள் அறுந்திருந்தால் முள் சுழியத்தில் விழுந்து எண்களும் நின்றிருக்கும். என் வண்டியிலோ கடைக்குப் போன அன்று காலைவரை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன! கோளாறு முள் பகுதியில் மட்டும்தான் இருந்திருக்கிறது. இப்போது மாட்டியிருக்கும் மீட்டருக்குள் கேபிள் வழியாகக் கிரீஸ் ஏறிக் கிண்ணத்தில் அப்பியிருந்தது; அவர் துடைத்துச் சரிசெய்ய 250 ரூபாய் வாங்கினார். அங்கே கொட்டியது 5,200. எங்களுக்குக் கிடைக்கும் விலையில் அது 260 கிலோ பச்சைத் தேயிலை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முள் நின்றால் முதலில் எண்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். கடையில் விடும் முன் கிலோமீட்டரைப் போட்டோ எடுங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், மார்க்கெட் போகாதீர்கள். கழற்றிய சாமானும் பில்லும் கைக்கு வராமல் பணத்தை எடுக்காதீர்கள். நாளை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கப் போகிறேன். 5,200 ரூபாய்க்கு என்ன ஆதாரம் என்று அவர்களும் கேட்டால், என்னிடம் இருப்பது அந்த 31 ஆயிரம் கிலோமீட்டர் மீட்டர்தான்.