கம்பெனி லாரியில் சொந்த டேஷ் கேம்: சேலம்–பெங்களூரு சாலையில் ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஜவ்வரிசி மூட்டைகள் ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றை ஓட்டுகிறேன். வண்டி நிறுவனத்துடையது, முன்கண்ணாடியில் இருந்தபடி சாலையைப் பதிவு செய்யும் டேஷ் கேம் என்ற கேமரா என் சொந்தப் பணத்தில் வாங்கியது. வண்டியில் ஏற்கெனவே ஜி.பி.எஸ். கருவி இருக்கும்போது இது எதற்கு என்று சக ஓட்டுநர்கள் கேட்பதுண்டு. வண்டி எங்கே நின்றது, எந்த வேகத்தில் ஓடியது என்பதை அந்தக் கருவி முதலாளிக்குச் சொல்லும்; எதிரில் வந்தவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. மோதல் என்றாலே முதல் பழி பெரிய வண்டியின் மீது விழும் சாலையில், ஓட்டுநருக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது தகவல்தான்.

வாங்குவதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றேன். வண்டியின் வயரிங்கில் கை வைப்பதில்லை, கேபினில் நடக்கும் பேச்சு பதிவாகாதபடி மைக்கை அணைத்து வைப்பது, நிறுவனத்துக்குத் தெரியாமல் எந்தக் காட்சியையும் வெளியே பகிர்வதில்லை, விபத்துக் காட்சியின் ஒரு பிரதி என்னிடமும் இருக்கும் என்பவை நாங்கள் பேசி முடித்த நிபந்தனைகள். இந்த ஒரு தாள் இல்லாமல் அடுத்தவர் வண்டியில் கேமரா மாட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. லாரியின் மின்சாரம் 24 வோல்ட் என்பதால், 12 வோல்ட், 24 வோல்ட் இரண்டையும் ஏற்கும் சார்ஜரை லைட்டர் சாக்கெட்டில் செருகிப் பயன்படுத்துகிறேன். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் இறங்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் பேட்டரி இறங்கும்.

கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தின் துல்லியத்தைவிட வெப்பத்தைத் தாங்கும் திறனையே முதலில் பார்த்தேன். சித்திரை, வைகாசி வெயிலில் லோடு இறக்கக் காத்து நிற்கும் லாரியின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிவிடும் அபாயம் உண்டு. ஆகவே பேட்டரிக்குப் பதில், சிறிதளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும், சூட்டை நன்கு தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள கேமராவை வாங்கினேன். கண்ணாடியில் அழுத்தி ஒட்டவைக்கும் ரப்பர் கிண்ணப் பிடி சூட்டில் கழன்று விழுவதால் இருபுற ஒட்டுப் பட்டையே நல்லது. வைப்பர் துடைக்கும் பரப்புக்குள், பார்வையை மறைக்காத மேல் மூலையில் ஒட்டினால் மழையிலும் படம் தெளிவாக இருக்கும்.

மெமரி கார்டு விஷயத்தில் சிக்கனம் கூடாது. 1080பி தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 6 முதல் 7 ஜி.பி. வரை பிடிக்கும், 64 ஜி.பி. கார்டு ஒன்பது மணி நேர அளவில் நிறைந்து, பழைய பதிவுகளின் மீதே புதியவை எழுதப்படும். பாரம் ஏற்றிய லாரி பெங்களூர் சென்று திரும்புவதற்குள் காலையில் பதிவானது அழிந்துவிடலாம் என்பதால், தொடர்ந்து எழுதுவதற்கென்றே தயாராகும் ஹை எண்டியூரன்ஸ் வகைக் கார்டில் 128 ஜி.பி. வைத்திருக்கிறேன். அதிர்வை உணர்ந்து கோப்பைப் பூட்டிவைக்கும் ஜி-சென்சாரின் உணர்திறனைக் குறைந்த அளவில் வைப்பது அவசியம். காலி வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்கும்போது கோப்புகள் பூட்டப்பட்டு, கார்டில் இடமே இல்லாமல் போகும்.

இந்தக் கேமரா தன் விலையை ஈட்டியது தொப்பூர் கணவாயில். தருமபுரியை நோக்கி ஏறும் பக்கத்தில் வாகனங்கள் தேங்கி நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற கார் பிரேக் பிடி தளர்ந்து பின்னோக்கி உருண்டு வந்து என் பம்பரில் இடித்தது. லாரிதான் பின்னாலிருந்து மோதியது என்று காரில் இருந்தவர்கள் உறுதியாகக் கூறினார்கள். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட வேண்டிய பொறுப்பு பின்னால் வருபவருடையது என்பதால், வெறும் வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் அவர்கள் கூறியதே நின்றிருக்கும். பதிவில் என் வேகம் பூஜ்யம் என்று திரையின் ஓரத்தில் தெரிய, காரின் பின்பகுதி மெல்ல நெருங்கி வந்தது. அங்கேயே அதை அவர்களுக்குக் காட்டினேன். பேச்சு அத்துடன் முடிந்தது. அந்த வேக எண் எனக்கு எதிராகவும் சாட்சி சொல்லக்கூடியது என்று சிலர் அதை அணைத்துவிடுகிறார்கள். நான் அணைப்பதில்லை, ஏனெனில் வேகம் இல்லாத காட்சிக்கு அன்று பாதி மதிப்புதான் இருந்திருக்கும்.

வழக்கு வரை போனால் காட்சி மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுடன் சான்றிதழும் தர வேண்டும். எனவே விபத்து நடந்தால் கார்டை உடனே கழற்றி, அசலை அப்படியே பத்திரப்படுத்தி, வேறொரு கார்டைப் போட்டுக்கொள்வதே முறை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காட்சி சுருங்கித் தரம் குறையும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்ப்பதும் இதைச் சேர்ந்ததே.

குறைகளும் உண்டு. இரவில் எதிர்வண்டியின் விளக்கொளியில் நம்பர் பிளேட் படிக்க முடிவதில்லை. குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும்போது மூடுபனி இறங்கினால் வெண்திரைதான் பதிவாகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இடப்பக்கம் நுழையும் இருசக்கர வாகனங்கள் முன்கேமராவில் விழாமல் போவது. கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி சந்திப்புகளில் லாரி ஓட்டுபவர்களுக்கு அந்தப் பக்கம்தான் கவலை. இடப்பக்கத்துக்கும் ஒரு கேமரா வைக்க நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன். அதற்குக் கதவு வழியாக வயர் இழுக்க வேண்டும் என்பதால், பழைய ஒப்புதல் தாள் அதற்குச் செல்லாது. புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்துக் காத்திருக்கிறேன்.