போரடிக்கும் நேரத்துக்கு ஒரு கேமரா: கேனன் 200டி, 50 எம்எம் லென்ஸ், நாலு வருஷ அனுபவம்

கேமரா வாங்குகிறவர்கள் கல்யாணம், டூர், குழந்தை என்று ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போரடித்தது, அவ்வளவுதான். அதற்காகப் பழைய கேனன் 200டி பாடி ஒன்றும், 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்றும் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். 2018இல் கேனன் ஆர்எஃப் என்ற புது மவுண்டுக்கு (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) மாறத் தொடங்கியதிலிருந்து, அதற்கு முந்தைய இஎஃப் மவுண்ட் சாமான்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன. இரண்டும் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிந்தது. நாலு வருஷமாக மேற்கு மாம்பலம் வீட்டிலும் மொட்டை மாடியிலும் தெருமுனை வரையிலும் இதை வைத்துக்கொண்டுதான் பொழுதைக் கழிக்கிறேன்.

கையில் நல்ல போன் இருக்கும்போது இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். தரத்துக்காக என்று சொன்னால் பொய். பகல் வெளிச்சத்தில் எடுத்து, போன் திரையிலேயே பார்த்துக்கொள்ள இப்போதைய போன்களே தாராளம். வெளுத்த வானமும் நிழலில் நிற்கும் முகமும் ஒரே படத்தில் சரியாக வர வேண்டுமென்றால் போன் இதைவிடக் கெட்டி. பல ஃபிரேம்களை எடுத்து அதுவே ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் காக்கையைப் பிடிக்கலாம் என்று போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் யாரோ குட்மார்னிங் அனுப்பியிருப்பார்கள். அதைத் திறந்தால் அப்புறம் ரீல்ஸ். நிமிர்ந்து பார்க்கும்போது காக்கை போயிருக்கும், போர் போயிருக்காது. கேமராவில் படம் எடுப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. இத்தனை நாள் வைத்திருந்ததில் நான் கண்ட பெரிய வசதி இதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

லென்ஸுக்கு வருகிறேன். 200டி-யின் சென்சார், அதாவது படம் விழும் சில்லு, முழு அளவு (ஃபுல் ஃபிரேம்) சென்சாரைவிடச் சின்னது. 1.6 மடங்கு கணக்கில் 50 எம்எம் லென்ஸ் இதில் 80 எம்எம் போலக் குறுகலாகத்தான் பார்க்கும். பத்துக்குப் பத்து ரூமில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும், எதிரே கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய இடுப்பு வரைதான் வருவார். முழு வீடு, முழுத் தெரு, குடும்பப் படம் எதற்கும் லாயக்கில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே பொழுது போக்குகிறவனுக்கு இந்தக் குறுகல் வசதிதான். பெரிதாக எதுவும் அடங்காது என்று தெரிந்ததும் கண் தானாகச் சின்னச் சாமான்களைத் தேட ஆரம்பிக்கிறது.

35 செ.மீ. வரை கிட்டே போகலாம். அந்த நெருக்கத்தில் ஃபிரேமின் அகலம் சுமார் பத்தரை செ.மீ. ஒரு ஃபில்டர் காபி டம்ளரின் வாய் அதில் சௌகரியமாக உட்காரும். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து எஃப் 1.8இல் வைத்து எடுத்தால் கூர்மையாக வருவது இரண்டு மில்லிமீட்டர் வாக்கில்தான்: நுரையில் முன்வரிசைக் குமிழிகள் நாலைந்து தெளிவாகத் தெரியும், டம்ளரின் பின்விளிம்பு கரைந்து வெறும் வெள்ளி வளையமாகிவிடும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 5.6க்குப் போனால் டம்ளர் டம்ளராகத் தெரியும். காபி ஆறிப்போகும் வரை இதை மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்கலாம். வீட்டில் திட்டு விழும், அது தனி.

வெளிச்சம் விஷயத்தில் கேமரா நம் ஊர் வீட்டைப் புரிந்துகொள்ளாத இடங்கள் இரண்டு உண்டு. காலையில் தண்ணீர் தெளித்த தரை கறுப்பாக இருக்கும், அதன்மேல் அரிசிமாவுக் கோலம். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பதால், தரையை வெளுக்க வைக்கிறேன் என்று கோலத்தின் இழைகளை எரித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் போலக் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி, ஏற்றினால் இரண்டு மடங்கு) குறைத்தால் மாவின் சொரசொரப்பு வரை தெரிகிறது. மாடியில் காயும் வேட்டிக்கு நேர்மாறு. ஒரு ஸ்டாப் ஏற்றாவிட்டால் வெளுத்த வேட்டி அழுக்கு வேட்டியாகிவிடும்.

இன்னொன்று, ராத்திரி கடை விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 நொடியில் வைத்தால் படத்தில் குறுக்கே பட்டை விழும், ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும். 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் தீர்ந்தது. இதை எந்தக் கேமராவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வருஷம் முழுக்க ஒரே மாடியில் படம் எடுப்பதில் அலுப்பு வராதா? வரும். ஆனால் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஐப்பசி மழையில் நிழலே விழாத தட்டையான வெளிச்சம், துணி மடிப்புக்கும் முகத்துக்கும் நல்லது. மார்கழியில் சாய்ந்த வெயில், கைப்பிடிச் சுவரின் காரை பெயர்ந்த இடமெல்லாம் மேடு பள்ளமாகத் தெரியும். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் 12 மணி தாண்டி ஏழெட்டு நிமிஷத்தில், நிமிர்த்தி வைத்த எவர்சில்வர் டம்ளருக்குப் பக்கத்தில் நிழலே இருக்காது. வரைந்து ஒட்டிய மாதிரி நிற்கும். ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு வாய்ப்பு உண்டு, மேகம் விட்டால்.

மாடியில் வடாம் காயப்போடும் பக்கத்து வீட்டு மாமிக்கு இதெல்லாம் புரிவதில்லை. "ஏன்டா, அதே காக்காயத்தானே நேத்தும் எடுத்தே?" என்பார். அதே காக்கையா என்று எனக்கும் தெரியாது.

தெருவில் இறங்கினால் கேமராவின் பெரிய குறை தெரியும். போனைத் தூக்கினால் யாரும் கண்டுகொள்வதில்லை, இதைத் தூக்கினால் "எந்த சேனல் தம்பி?" என்று கேள்வி வரும். இஸ்திரி வண்டிக்காரர் கரியை விசிறும்போது பறக்கும் பொறிதான் எனக்கு வேண்டும். அவரோ சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு நேராக நின்றார். "அண்ணே, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன். "வேலைய யாரு பாப்பா? மூஞ்சி நல்லா வரட்டும்" என்றார். இரண்டையும் எடுத்தேன், பிரிண்ட் போட்டுக் கொடுத்ததில் மூஞ்சிதான் வண்டியில் ஒட்டப்பட்டது. குழந்தைகளை மட்டும் பெற்றவர்களிடம் கேட்காமல் எடுப்பதில்லை.

பராமரிப்பில் ஒரே எதிரி ஈரக்காற்று. பீரோவில் துணிப்பையோடு வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க எல்லா வசதியும் செய்து கொடுத்ததாக அர்த்தம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி; 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன், கண்ணாடி இன்றுவரை சுத்தம். பேட்டரிக்குக் கவலையே இல்லை. படங்களைச் சேமிப்பதுதான் தலைவலி. 24 மெகாபிக்சல் ஜேபெக் ஒன்று ஏழெட்டு எம்பி, சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைல் அதைப்போல் பல மடங்கு. 2021 ஜூனில் கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவச இடம் நின்றுபோனது, இப்போது இருக்கும் 15 ஜிபி மெயிலோடு பங்கு. அதனால் ஜேபெக் மட்டும்தான் எடுக்கிறேன், தேறாததை அன்றைக்கே அழிக்கிறேன். அழிப்பதிலும் நல்லாவே பொழுது போகிறது.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? போனோடு சண்டை போட்டு அலுத்தவர்களுக்கு. லைக் வாங்க நினைப்பவர்களுக்குப் போனே வசதி. லென்ஸில் மட்டும் ஒரு திருத்தம்: வீட்டுக்குள்ளேயே எடுக்கப் போகிறீர்கள் என்றால் 50க்கு முன்னால், இந்த மாதிரி சின்ன சென்சார் கேமராக்களுக்கென்றே வந்த இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் கிடைக்கிறதா என்று பாருங்கள். 125 கிராம், 16 செ.மீ. வரை நெருங்கலாம், ரூமும் அடங்கும். எதுவானாலும் வாங்குமுன் லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்தில் கண் வைத்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பேரமே பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.