ட்ரம்ஸ் முன்னால் தாக்குப்பிடிக்குமா? பேஸ் காம்போ ஆம்ப்கள் நேருக்கு நேர்

பேஸ் கிட்டாருக்கு காம்போ ஆம்ப் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) வாங்கக் கிளம்புகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை வாட் போதும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. நீங்கள் வாசிக்கும் அறையில் ட்ரம்ஸ் உண்டா? உண்டென்றால், பேஸின் ஒலியைக் கூட்டத்திடம் கொண்டுசேர்க்க மிக்ஸரும் பிஏ ஸ்பீக்கர்களும் உண்டா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பாதியைத் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம்.

இங்கே முக்கியமாக மூன்று வரிசைகளை எதிரெதிரே வைக்கிறேன்: ஃபெண்டர் ரம்பிள், ஆம்பெக் ராக்கெட் பேஸ், ஆரஞ்ச் க்ரஷ் பேஸ். பாஸ் நிறுவனத்தின் கட்டானா பேஸும் மார்க்பேஸின் சிஎம்டி 121பி-யும் தேவைப்படும் இடத்தில் வந்துபோகும்.

முதலில் வாட் கணக்கைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் ஏமாற்றம் தொடங்குவது அங்கேதான். வாட் இரண்டு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக, 40 வாட் ஆம்பிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 4 டெசிபல். காதுக்குத் தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குச்சியை ஓங்கி அடிக்கும் ட்ரம்மர் முன்னால் அந்த 4 டெசிபல் உங்களைக் காப்பாற்றாது.

இதில் பேஸுக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. நான்கு தந்தி பேஸின் கீழ் ஈ தந்தி அதிர்வது 41 ஹெர்ட்ஸில். ஐந்து தந்தி வைத்திருந்தால் கீழ் பி கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ். சிறிய பெட்டியிலிருந்து இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சத்தமாக வெளியே தள்ளுவது இயற்பியலோடு மல்லுக்கட்டும் வேலை. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த வாட்டில் சத்தமும் வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் நடக்காது. ஒன்றை விட்டே ஆக வேண்டும். சிறிய காம்போக்கள் ஆழத்தை விடுகின்றன. ஈ தந்தியைத் தட்டும்போது அவற்றிலிருந்து நாம் கேட்பது பெரும்பாலும் 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலே உள்ள இணை ஒலிகளும்தான். அடியில் இருக்க வேண்டிய 41-ஐ மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது. வீட்டில் வாசிக்க இது தாராளமாகப் போதும்.

சரி, வீட்டுக்கும் சிறிய கூடுகைக்கும் ஆன பெட்டிகளைப் பார்ப்போம். ரம்பிள் 40, ராக்கெட் பேஸ் ஆர்பி-110, க்ரஷ் பேஸ் 50. மூன்றும் ஏறக்குறைய ஒரே சக்தி: முறையே 40, 50, 50 வாட். ஸ்பீக்கர் முதல் இரண்டில் 10 இன்ச், ஆரஞ்சில் 12.

ரம்பிள் 40-இன் பெரிய பலம் எடை. 8 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு கையில் ஆம்ப், தோளில் கிட்டார் பை, இன்னொரு கை சும்மா இருக்கும். பஸ்ஸில் ஏறி இறங்குகிறவருக்கு இதன் அருமை தெரியும். நான்கு பட்டை ஈக்யூ (அடி, நடு, உச்சி ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் குமிழ்கள்), ஓவர்டிரைவ் (சுருக்கமாக டிரைவ்; ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் வசதி), ஹெட்போன் துளை, பாட்டு ஓடவிட ஒரு ஆக்ஸ் உள்ளீடு எல்லாம் உண்டு. எல்லாவற்றையும்விடப் பின்பக்கம் எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட் இருக்கிறது. இதற்குக் கீழே இருக்கும் ரம்பிள் 15, 25 இரண்டிலும் இது கிடையாது. டிஐ இருந்தால் ஒரு கேபிளை மிக்ஸருக்கு இழுத்துவிட்டு, ஆம்பை உங்கள் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்குக் கேட்கச் செய்வது பிஏ-வின் பாடு. பிஏ உள்ள மேடைகளில் மட்டும் வாசிக்கிறவருக்கு 500 வாட் ஆம்ப் எதற்கு? இந்த ஒரு துளை இருந்தால் 40 வாட்டே மேடை ஏறிவிடும்.

ஆர்பி-110 நேர் எதிர். ரம்பிளைவிடக் கனமானது, தோற்றமும் பழைய பாணி. ஆம்பெக்கின் பெயர் பேஸ் உலகில் 1960-இல் வந்த பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸிலிருந்தே நிலைத்தது. மோடவுன் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததோடு சேர்த்துப் பேசப்படும் ஆம்ப் அது. அந்தச் சாயலைச் சிறிய பெட்டியில் கொண்டுவருவதுதான் ராக்கெட் பேஸின் நோக்கம். அல்ட்ரா ஹை, அல்ட்ரா லோ என்ற ஆம்பெக்கின் பழைய சுவிட்சுகள் இதிலும் இருக்கின்றன. எஸ்ஜிடி என்று பெயரிட்ட டிரைவ் பகுதிக்குத் தனிக் குமிழ்கள். ரம்பிளை எந்த ஈக்யூவும் தொடாமல் வாசித்தால் தெளிவாக, கொஞ்சம் நாகரிகமாக ஒலிக்கும். ஆம்பெக்கில் மிட் (நடு ஒலிப் பகுதி) கொஞ்சம் தடித்து, உறுமலோடு வரும். டிஐ இதிலும் உண்டு. ராக் வாசிக்கிறவர் எடையைப் பொறுத்துக்கொண்டு இதை எடுக்கலாம் என்பது என் கட்சி.

க்ரஷ் பேஸ் 50-ஐப் பலரும் ஆரஞ்சு நிறத்துக்காகத் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதிலுள்ள பிளெண்ட் குமிழை. பேஸ் ஒலியை டிஸ்டார்ட் செய்தால் கரகரப்பு கூடும், அடிப்பகுதி கரைந்துபோகும். பாட்டின் நடுவே டிரைவை மிதித்ததும் பேஸ் காணாமல் போய், ஈக்கள் மொய்ப்பது போன்ற ஒலி மட்டும் மிஞ்சுவது இதனால்தான். பிளெண்ட் குமிழ் சுத்தமான ஒலியையும் கரகர ஒலியையும் தனித்தனியே நடத்தி, நீங்கள் கேட்கும் அளவில் கலந்து தருகிறது. குமிழைப் பாதிக்குத் திருப்பி ஈ தந்தியை நீட்டி வாசித்துப் பாருங்கள்: மேலே கரகரப்பு உரசிக்கொண்டிருக்க, கீழே சுத்தமான ஒலி அசையாமல் நிற்கும். இதையே தனி பெடல் வாங்கிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளேயே ட்யூனரும், மிட்டை எந்த இடத்தில் தூக்குவது என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் இருப்பது கூடுதல் லாபம். டிரைவ் பக்கமே போகாதவருக்கு இந்த ஆம்பின் பாதி மதிப்பு வீண்.

கட்டானா-110 பேஸ் இந்த மூன்றுக்கும் வேறு ஜாதி. 60 வாட், 10 இன்ச் ஸ்பீக்கர், அதோடு தனி ஆம்ப் பகுதியால் இயங்கும் ட்வீட்டர் (உச்சி ஒலிக்கான சிறிய ஸ்பீக்கர்). உள்ளே டிஜிட்டல் எஃபெக்டுகள், அமைத்த ஒலியைச் சேமிக்கும் நினைவகம், கணினியில் பதிவு செய்ய யூஎஸ்பி. வீட்டில் பதிவு செய்து இணையத்தில் போடுகிறவருக்கு இது மற்ற மூன்றையும்விடப் பொருந்தும். ஆனால் முதல் ஆம்ப் வாங்கும் ஆள் இதில் வாசிப்பதைவிட மெனு நோண்டுவதில் அதிக நேரம் செலவழிப்பார். அதனால் ஆரம்பக்காரருக்கு நான் இதைக் கைகாட்டுவதில்லை.

நடு அளவுப் பொறி

இனிமேல்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "40 சின்னது, 500 அதிகம், நடுவில் ஒன்று எடுப்போமே" என்ற யோசனை எல்லோருக்கும் வரும். ரம்பிள் வரிசையில் அந்த நடு என்பது 100, 200.

ரம்பிள் 100-ஐக் குறை சொல்ல மனம் வரவில்லை. 12 இன்ச் ஸ்பீக்கர், எடை சுமார் 10 கிலோ. ரம்பிள் 40-ஐவிட இரண்டு கிலோதான் கூடுதல். கஹோனோ (கையால் தட்டும் மரப்பெட்டி) பிரஷ்ஷோ வைத்து மெதுவாக வாசிக்கும் ட்ரம்மருடன் நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் முழு ட்ரம் செட்டும் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே அறையில், பிஏ இல்லை என்றால் இதன் வால்யூம் குமிழ் கடைசிக் கோட்டுக்குப் போய்விடும். அங்கே போன ஆம்ப் சத்தமாக ஒலிக்காது, பிசிறாக ஒலிக்கும்.

ரம்பிள் 200 கதை வேறு. பெயரில்தான் 200. அந்த அளவு வர வெளியே இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியை இணைத்து மொத்த ரெசிஸ்டன்ஸை 4 ஓமுக்கு இறக்க வேண்டும். தனியாக நிற்கும்போது உள்ளே உள்ள 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போவது 140 வாட். இதே கணக்கு ரம்பிள் 500-க்கும் உண்டு. தனியாக 350 வாட், வெளிப் பெட்டியோடு 500. இப்போது எடையைப் பாருங்கள்: இரண்டும் 16 கிலோ சுற்றுவட்டாரத்தில், வித்தியாசம் ஒரு கிலோ அளவுதான். தூக்குகிற சிரமம் ஒன்றாக இருக்கும்போது 140-க்கும் 350-க்கும் நடுவே 140-ஐத் தேர்ந்தெடுக்க விலையைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

"200-இல் 15 இன்ச் ஸ்பீக்கர் இருக்கிறதே, பேஸ் ஆழமாக இருக்காதா?" என்று கேட்பீர்கள். பரப்பைக் கணக்குப் போட்டால் விட்டத்தின் வர்க்கம்தான் பேசும். ஒரு 15 இன்ச் என்பது 225. இரண்டு 10 இன்ச் சேர்ந்தால் 200. கிட்டத்தட்ட சமம். ஒரு 12 இன்ச் என்றால் 144. எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் வடிவமைப்பும் பெட்டியின் கொள்ளளவும்தான், இன்ச் மட்டும் அல்ல. ஆம்பெக் 1969-இல் வெளியிட்ட 300 வாட் எஸ்விடி ஆம்ப் பெரிய மேடைகளை ஆண்டது எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியோடு. அதைப் பார்த்தபிறகும் 10 இன்ச் என்றால் பேஸ் வராது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ட்ரம்ஸ் உண்டு, பிஏ இல்லை

இந்த நிலையில் இருப்பவருக்கு ரம்பிள் 500, ஆர்பி-210, இன்னும் செலவழிக்க முடிந்தால் சிஎம்டி 121பி. ரம்பிள் 40-இலிருந்து 500-க்கு வந்தால் 350 வாட் கணக்கிலேயே 9 டெசிபலுக்கு மேல் ஏறுகிறது, இரண்டாவது ஸ்பீக்கர் தரும் பலன் தனி. இங்கேதான் "இரண்டு மடங்கு" என்று காது ஒப்புக்கொள்ளும். கடைசிக் கோடுவரை திருப்ப வேண்டிய அவசியம் வராது. அந்த மிச்சத்துக்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

ஆர்பி-210-உம் 500 வாட், இரண்டு 10 இன்ச். ஒலியில் ரம்பிளைவிட எனக்குப் பிடித்தது இதுதான்: பிக் வைத்து வாசிக்கும்போது கிட்டார்களின் நடுவே தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அந்த மிட். ஆனால் ரம்பிளைவிட நன்றாகவே கனம். படியேறி மூன்றாவது மாடியில் ரிகர்சல் என்றால் அந்த மிட் மறந்துபோகும். நிரந்தரமாக ஒரே அறையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆம்பெக், வாராவாரம் சுமக்கப் போகிறீர்கள் என்றால் ஃபெண்டர்.

மார்க்பேஸ் சிஎம்டி 121பி ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கரில், சுமார் 13 கிலோவில், தனியாக 300 வாட் தருகிறது. வெளிப் பெட்டி சேர்த்தால் 500. டிரைவ் கிடையாது, உறுமல் கிடையாது. கிட்டார் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே பெரிதாக்கித் தரும். ஜாஸ், விரல் வாசிப்பு, ஐந்து தந்தி என்று போகிறவர்கள் இதை விட மாட்டார்கள். அசட்டையான விரல்களையும் அப்படியே காட்டிக்கொடுக்கும் என்பது இதன் நல்ல குணமா கெட்ட குணமா என்பது வாசிப்பவரைப் பொறுத்தது.

அப்புறம், வீட்டில் சும்மா கிடக்கும் கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகலாமா? மெதுவாக, வால்யூமைக் குறைத்து வைத்து என்றால் பாதகமில்லை. சத்தம் ஏற்றினால் அந்த ஸ்பீக்கரின் கூம்பு தாங்கக்கூடியதைவிட அதிகமாக முன்னும் பின்னும் ஓடி, ஒருநாள் கிழியும். மறுபக்கம் வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டர் 1952-இல் பேஸுக்காகவே கொண்டுவந்த பேஸ்மேன் ஆம்பைப் பிறகு கிட்டார்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

கடையில் வாசித்துப் பார்க்கும்போது

கடையில் எல்லா ஆம்பும் நன்றாகவே ஒலிக்கும். காரணம், நீங்கள் அங்கே தனியாக வாசிக்கிறீர்கள். ரம்பிளின் கான்டூர் பொத்தானை அழுத்திப் பாருங்கள்: மிட் உள்வாங்கும், அடியும் உச்சியும் மினுங்கும், உடனே பிடித்துப்போகும். மார்க்பேஸில் விபிஎஃப் என்ற குமிழும் இதே வேலையைத்தான் செய்கிறது. இசைக்குழுவோடு வாசிக்கும்போது அதே அமைப்பு உங்களைக் காணாமல் அடித்துவிடும். அடியைக் கிக் ட்ரம் எடுத்துக்கொள்ளும், உச்சியைச் சிம்பல் எடுத்துக்கொள்ளும், பேஸுக்கென்று மிச்சம் இருப்பதே மிட்தான்; அதையும் நீங்களே வெட்டிவிட்டீர்கள். ஆகவே ஒப்பிடும்போது கான்டூரை அணைத்துவிட்டு, ஈக்யூ குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்து, ஒரே கிட்டாரில் ஒரே வரியை வாசியுங்கள்.

மெதுவாக மட்டும் வாசித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகள் காதுக்கு இன்னும் குறைவாகவே எட்டும் என்பதால், பேஸ் குமிழை ஏற்றிவிடுவீர்கள். அதே அமைப்பை உரத்த அறையில் வைத்தால் கொழகொழவென்று இருக்கும். ஆம்ப் சுவரின் மூலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூலை அடியொலியைத் தூக்கிக் காட்டும். பக்கத்து ஆம்ப் நடுத் தரையில் இருந்தால் போட்டி நியாயமாக நடக்கவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். காம்போ தரையில் இருக்கும்போது அதன் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலோடு பேசிக்கொண்டிருக்கும், காதோடு அல்ல. நான்கு அடி பின்னால் போங்கள், அல்லது ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வையுங்கள்.

கடைசியாக, வால்யூமை முக்கால்வரை ஏற்றி, கீழ் ஈ தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக பன்னிரண்டு வரை மெதுவாக ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் முன்வலையோ கைப்பிடியோ கடகடவென்று அதிர்ந்தால் அந்தக் குறிப்பிட்ட பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே மாடலில் இன்னொன்றைப் பிரிக்கச் சொல்லுங்கள்.