காயும் மாமரத்துக்கு வைத்தியம்: சேலத்தில் எங்களுக்குக் கிடைத்த நல்ல ஆள்

வீட்டுப் பின்பக்கத்துப் பழைய மரம் காயத் தொடங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுடையது மல்கோவா. வயது 40க்குக் குறையாது. இந்த வருஷம் தெற்குப் பக்கத்துப் பெரிய கிளையில் இலைகள் காய்ந்தும் உதிராமல் அப்படியே தொங்கின. மற்ற கிளைகளில் தளிர் வந்தாலும் இலை சிறுத்துப்போய், நுனிக் குச்சிகள் மொட்டையாக நின்றன.

மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள், "பட்டுப்போச்சு, வெட்டிடலாம்" என்று விலை பேசினார்கள். அடிமரத்தை ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. ஓர் உரக்கடையில் யூரியா வைக்கச் சொன்னார்கள்.

அப்புறம் தெரிந்தவர் மூலமாக வந்தவர் மாந்தோப்புகளிலேயே வேலை செய்து பழகியவர். பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இவர் நேராக அடிமரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பட்டையின் வெடிப்பில் பிசின் வடிந்திருந்ததையும், கீழே மரத்தூள் உதிர்ந்து கிடந்ததையும் காட்டி, "தண்டு துளைப்பான் உள்ள இருக்குதுங்கம்மா" என்றார். காய்ந்ததாக நாங்கள் நினைத்த ஒவ்வொரு கிளையையும் நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்ததை விட்டுவிட்டு, பழுப்பாக இருந்ததை மட்டும் கழிக்கச் சுண்ணாம்பால் கோடு போட்டார்.

சைக்கிள் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, துளைக்குள் மெதுவாக விட்டுத் திருகி இழுத்தார். விரல் பருமனில், வெண்ணெய் நிறத்தில், பழுப்புத் தலையோடு ஒரு புழு வந்தது. தண்டு துளைப்பான் என்கிற வண்டின் புழுதான் இது. அது மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து மரத்தைத் தின்னுமாம். துளையில் மருந்து நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் பூசி அடைத்தார். செத்த பட்டையைச் செதுக்கிவிட்டு, பூஞ்சை வராமல் தடுக்கும் போர்டோ பசை தடவினார். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பதுதான் அதற்குக் கணக்கு. எங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதுமாக இருந்தது. இரும்புச் சட்டி ஆகாது என்று பிளாஸ்டிக் வாளி கேட்டு வாங்கினார்.

கிளை வெட்டியதையும் சொல்ல வேண்டும். முதலில் அடிப்பக்கம் ஒரு அறுப்பு, பிறகுதான் மேலிருந்து. அப்படி அறுத்தால் பாரத்தில் பட்டை உரியாது. கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைப்பில் ரம்பம் படவே இல்லை. காயம் மூடுவது அங்கிருந்துதான் என்றார்.

எனக்கு இவர்மேல் முழு நம்பிக்கை வந்தது சிமெண்ட் தளத்தைப் பார்த்து அவர் பேசியபோது. வீடு வாங்கும்போதே அடிமரத்தை ஒட்டித் தளம் போட்டிருந்தார்கள். சல்லிவேர் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணிலேயே இருக்கும். அதற்குக் காற்றும் தண்ணீரும் போகாவிட்டால் மரம் தளர்ந்துவிடும், தளர்ந்த மரத்தைத்தான் துளைப்பான் தேடி வரும் என்றார். மெஷின் வைக்காமல் சுத்தியலால் உடைத்து, சுற்றிலும் நான்கடிக்கு மண்ணைத் திறந்துவிட்டார். சருகு பரப்பச் சொன்னார், ஆனால் தண்டில் ஒட்டக்கூடாது. தண்ணீரைத் தூரில் ஊற்றாமல் கிளை நிழல் முடியும் இடத்தில் ஊற்றச் சொன்னார். யூரியா இப்போதைக்கு வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எந்த மரத்தையும் காப்பாற்றித் தருவதாக அவர் அளக்கவில்லை. தட்டினால் சுற்றிலும் டொக்கு சத்தம் கேட்டாலோ, தூரில் காளான் முளைத்திருந்தாலோ, வீட்டுப்பக்கம் சாய்ந்து எதிர்ப்பக்க மண் தூக்கியிருந்தாலோ, "வெட்டிருங்கம்மா, வீட்ல ஆளுங்க இருக்கறாங்க" என்பார்.

எனக்கு ஒரு குறை உண்டு. என்ன மருந்து, எத்தனை மில்லி என்று எழுதித் தரவில்லை. கேட்ட பிறகுதான் டப்பாவைக் காட்டினார். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தளம் உடைத்தது உட்பட 4,500 ரூபாய் ஆனது. வெட்டக் கேட்ட தொகையில் பாதிகூட இல்லை. இப்போது புதிதாகத் தூள் உதிரவில்லை, வடக்குப் பக்கம் நல்ல அகலமான தளிர் வந்திருக்கிறது. தெற்குக் கிளை போனது போனதுதான். அடுத்த வருஷம் பூ வராவிட்டாலும் பயப்பட வேண்டாம், தளிரை மட்டும் கவனியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஊரில் ஆள் வேண்டுமானால் மாந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள். வருகிறவர் அடிமரத்தைப் பார்க்காமல் விலை சொன்னால் அனுப்பிவிடுங்கள். பக்கத்தில் பலாவோ அத்தியோ இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள், இதே வண்டு அவற்றிலும் முட்டை வைக்கும்.